வியாழக்கிழமைக் கண்ணாடி

பரமக்குடியில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவள் நான். கடலைப் பார்த்ததே வேலைக்குப் போன பிறகுதான். ஐம்பதுகளின் கடைசியில், பாம்பனுக்கு அப்பால் ஒரு மீன்பிடி ஊரில், ஓராசிரியர் பள்ளியில் என்னைப் போட்டார்கள். மாதா கோயிலை ஒட்டி ஓர் ஓலைக் கொட்டகை, முப்பது பிள்ளைகள், ஒரு கரும்பலகை. எனக்கு இருபத்தொரு வயது. பயிற்சிப் பள்ளியில் படித்ததையெல்லாம் அப்படியே நடத்திக் காட்டியாக வேண்டும் என்று ஒரு வேகம். வாயும் கொஞ்சம் நீளம்.

ஒளியைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. மணலில் ஒரு கம்பை நட்டு, அதன் நிழலைப் பிள்ளைகளை விட்டே அளக்கச் சொன்னேன். பாதி அளக்கும்போது ஒரு மேகம் வந்து வெயிலை மறைத்தது. நான்காம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி ஓடிவந்து என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், நெழலு ஓடிருச்சு!"

"எங்கேயும் ஓடலை. வெயில் இருந்தா நிழல் இருக்கும். வெயில் போனா அதுவும் போயிரும்" என்றேன். அவள் அதை முணுமுணுத்துக்கொண்டே கம்பிடம் திரும்பிப் போனாள். காதில் வாங்கியதை விடாத பிள்ளை.

அடுத்தது கண்ணாடி. பள்ளியில் ஏது கண்ணாடி? நான் பொட்டு வைத்துக்கொள்ளும் தகரச் சட்டம் போட்ட கண்ணாடியை எடுத்துக்கொண்டு, ஊரின் வடக்கே குருசடி என்கிற சிறு சிலுவைக் கோயில் நின்ற மணல்மேட்டுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனேன். வெயிலைக் கண்ணாடியில் வாங்கித் கடலில் தூரத்தில் தெரிந்த வள்ளங்களின் பாய்கள் மேல் விட்டுக் காட்டினேன். பிள்ளைகள் ஏனோ ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சரிடம் எதிர்த்துப் பேச அவர்களுக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு மணி நேரத்துக்குள் எல்லா வள்ளங்களும் கரைக்கு வந்துவிட்டன. சிலர் வலையை அறுத்துவிட்டே வந்திருந்தார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் குதித்து ஓடிவந்தார்கள். "யாரு வீட்டுல? யாரு வீட்டுல?" என்ற கேள்விதான் எல்லோர் வாயிலும்.

அப்புறம்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. ஊரில் யாராவது செத்தாலோ சாகக் கிடந்தாலோ, குருசடி மேட்டில் ஏறிக் கடலைப் பார்த்துக் கண்ணாடி அடிப்பார்கள். கடலில் இருப்பவன் அதைக் கண்டால் வலையைக்கூடப் பார்க்காமல் கரைக்குத் திரும்ப வேண்டும்.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எனக்கோ கோபம்தான் வந்தது. முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் தலைகுனிவதா? பாடம் பாடம்தான் என்று நின்றேன். வயதான ஒருவர் பொறுமையாகக் கேட்டார். "இங்கன கொட்டகைச் சுவத்துல அடிச்சுக் காட்டக் கூடாதா டீச்சர்?"

"சுவரில் காட்டினால் தூரம் எப்படித் தெரியும்?" என்று அவரை மடக்கினேன். கடைசியில் ஓர் ஏற்பாட்டையும் நானே சொன்னேன். வியாழக்கிழமை காலையில் மேட்டில் கண்ணாடி மின்னினால் அது பள்ளிக்கூடம். மற்ற நாளில் மின்னினால் மட்டும் வந்தால் போதும். படித்த பெண் சொல்கிறாள் என்று அந்த நல்ல மனிதர்கள் ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொள்ளாமல் என்னைத் துரத்தியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஒளிப் பாடம் முடிந்த பிறகும் பிள்ளைகள் வியாழக்கிழமையை விடவில்லை. நானும் விடவில்லை. அந்த நான்காம் வகுப்புக்காரி எல்லோரையும் மிஞ்சினாள். சொன்ன பாயின்மேல் சொன்னபடி வெளிச்சத்தை வைப்பாள். கண்ணாடியை அவள் பொறுப்பிலேயே விட்டிருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை மண்டபத்தில் ஆசிரியர் கூட்டம். பள்ளிக்கு விடுமுறை சொல்லிவிட்டு விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டேன். ஆண்கள் அதற்கு முன்பே கடலுக்குப் போயிருந்தார்கள். வகுப்பு இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

அன்று காலை அந்த நான்காம் வகுப்புக்காரியின் அம்மாவுக்குப் பிரசவ வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். அந்த மணலில் வண்டி வராது. வள்ளத்தில்தான் கொண்டுபோக வேண்டும். கரையில் ஒரு வள்ளமும் இல்லை. மகள் கண்ணாடியை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். உச்சிப்பொழுது வரைக்கும் அடித்தாளாம். ஒரு கை சோர்ந்தபோது மறுகைக்கு மாற்றி அடித்தாளாம். ஒரு பாய்கூடத் திரும்பவில்லை.

சாயங்காலம் நான் திரும்பும்போது கோயில் மணி துக்கத்துக்கு அடித்துக்கொண்டிருந்தது. தாயும் போய்விட்டாள், வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அந்தப் பிள்ளையின் அப்பா பள்ளிக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"பாத்தேன் டீச்சர்" என்றார். "எம் பாய்மேலதான் அடிச்சா. பக்கத்து வள்ளத்துக்காரன்கூட, 'ஏலே, ஒம் மக அடிக்கிறாடா'ன்னு சிரிச்சான். நானும் சிரிச்சேன். வியாழக்கிழமையாச்சே, பாடம்னு நெனச்சேன்."

எனக்கு அழுகை வந்தது. அவர் அழவில்லை.

"நான் பாத்தது பிள்ளைக்குத் தெரிய வேணாம் டீச்சர். பாத்தும் வரலன்னு தெரிஞ்சா எம் மூஞ்சில முழிக்க மாட்டா. அவளுக்கு இனி நான் மட்டுந்தான் இருக்கேன்."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். என்னால் வந்த வினைக்கு அதையாவது செய்ய வேண்டும் என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து அவள் பள்ளிக்கு வந்தாள். பாவாடைத் துணியில் சுற்றியிருந்த கண்ணாடியை என் மேசைமேல் வைத்தாள்.

"எங்கய்யா பாக்கவே இல்லையாம் டீச்சர். வெளிச்சம் ஏன் தெரியல?"

இந்தக் கேள்விக்குப் பதிலை நான் முன்பே தயார் செய்து வைத்திருந்தேன். "மேகம் மறைச்சிருக்கும்மா. வெயில் இல்லாட்டி கண்ணாடி என்ன செய்யும், பாவம்?"

அவள் யோசித்துப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"இல்ல டீச்சர். என் நெழலு கால்கிட்டயே கெடந்துச்சு. அதப் பாத்துக்கிட்டேதான் அடிச்சேன்."

வெயில் இருந்தால் நிழல் இருக்கும். நான் சொல்லிக்கொடுத்ததுதான். அவள் ஒன்றையும் மறக்கவில்லை.

"அப்ப நாந்தான் சரியா அடிக்கல, இல்ல டீச்சர்?"

சரியாகத்தான் அடித்தாய் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொன்னால் அவளுடைய அடுத்த கேள்வி அப்பாவைப் பற்றியதாக இருக்கும். என் பிடிவாதத்தின் பாரத்தை ஒன்பது வயதுப் பிள்ளையின் தலையில் வைக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. வருகைப் பதிவேட்டைத் திறந்து பேர் கூப்பிட ஆரம்பித்தேன். அவள் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். அவள் பேர் வந்தபோது, "உள்ளேன் டீச்சர்" என்றாள்.