என் வயிற்றுக்கு ஏற்ற இன்ஜின்

எனக்குக் கார் ஒத்துக்கொள்ளாது. ஏறி உட்கார்ந்து சுங்குவார்சத்திரம் தாண்டுவதற்குள் வாயில் எச்சில் ஊறும், காதுக்குப் பின்னால் சில்லென்று வேர்க்கும், அப்புறம் கவர்தான். எங்கள் வீட்டுக் காரில் பின்சீட்டு ஜன்னல் ஓரம் எனக்கு. முன்சீட்டு முதுகில் எப்போதும் ஒரு கட்டு பிளாஸ்டிக் கவர் இருக்கும். யாராவது விருந்தாளி அதைப் பார்த்து "இது எதுக்குங்க?" என்று கேட்டால் எங்கள் வீட்டுக்காரர் என் பக்கம் தலையை ஆட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதில் என் வேலை என்ன தெரியுமா? கார் ஓட்டுவது. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கார் கம்பெனியில், லைன் முடிகிற இடத்தில் எனக்கு டியூட்டி. புதிதாக இறங்குகிற காரில் ஏறி, ஸ்டார்ட் செய்து, சோதனை உருளைமேல் நிறுத்தி, எல்லாம் சரியென்றால் யார்டில் கொண்டுபோய் வரிசையில் விடவேண்டும். ஷிஃப்ட் முழுக்க இதே கதை. கம்பெனிக்குள் வேக முள் இருபதைத் தாண்டக் கூடாது. குறுக்கே பாதை வந்தால் நிறுத்தி, வலது பக்கம் விரல் நீட்டி "ஓகே", இடது பக்கம் நீட்டி "ஓகே", எதிரே நீட்டி "ஓகே" என்று வாய்விட்டுச் சொல்லி, ஹாரன் அடித்து, அதற்கப்புறம்தான் நகரவேண்டும். சூப்பர்வைசர் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் இப்போதெல்லாம் விரல் தானாக நீள்கிறது. கறிக்கடைக்கு நடந்து போகும்போதுகூட ரோட்டைக் கடக்க நான் விரல் நீட்ட, கடைக்காரர் யாரைக் காட்டுகிறேன் என்று திரும்பிப் பார்த்திருக்கிறார்.

வீட்டிலிருந்து கம்பெனிக்கு ஸ்கூட்டி. அதில் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. "காத்து படுதில்ல, அதான்" என்பார் வீட்டுக்காரர். கம்பெனிக்குள் ஓட்டும்போது எப்படி என்று யாராவது கேட்டால் நானே சொல்வேன்: "அது இன்னா ஓட்டு, குந்தறதுக்குள்ள எறங்கணும்." ஆகவே எனக்குக் கார் ஒத்துக்கொள்ளாது என்பது எங்கள் குடும்பத்தில் ஜெபம் மாதிரி நிலைத்துவிட்டது.

சின்ன விஷயமாகவே இருந்திருக்கும், மகளை ஏற்காட்டில் கொடுக்காமல் இருந்திருந்தால். மாப்பிள்ளை அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பள்ளிக்கூட வளாகத்திலேயே வீடு. நல்ல பையன், நல்ல இடம், ஆனால் மலைமேல். கல்யாணமான புதிதில் ஒருமுறை கிளம்பினோம். மலையில் மூன்றாவது வளைவு வருவதற்குள் நான் ரோட்டோரக் கல்லில் சாய்ந்து கிடந்தேன். வண்டியைத் திருப்பினோம். மகள் சேலத்துக்கு இறங்கி வந்து, ஒரு ஓட்டல் ரூமில் என்னைப் பார்த்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் அவளைப் பார்ப்பதெல்லாம் சேலத்தில்தான். அவள் போனில் வீட்டைச் சுற்றிக் காட்டுவாள். போனில் வீடு தெரியுமா? அவள் அரிசியை எதில் போட்டு வைத்திருக்கிறாள், துணி எங்கே காய்கிறது, ஜன்னலைத் திறந்தால் என்ன வாசனை வருகிறது, எதுவும் தெரியாது. பெற்ற பெண்ணின் வீட்டுக்குள் ஒருமுறை கால் வைக்கவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் இன்ஜினுக்கு கிராங்க் ஷாஃப்ட் கடைகிறார். உலகத்தில் எந்தச் சிக்கலுக்கும் இன்ஜினில்தான் மருந்து என்பது அவர் கட்சி. "இந்த வண்டிலாம் குலுக்குது. இம்போர்ட்டட் வண்டில போனா டம்ளர்ல டீ ஊத்தி வெச்சா அப்டியே நிக்கும். உன் வயிறும் நிக்கும்" என்றார்.

விஷயம் வெளியே தெரிந்ததும் கேன்டீனில் என்னை ஒரு வழி செய்துவிட்டார்கள். ஊரே கார் செய்து கப்பலில் ஏற்றுகிறது, நீங்கள் கப்பலிலிருந்து இறக்குகிறீர்களா என்றார்கள். நம்ம வண்டியில் வாந்தி எடுத்தால் கௌரவக் குறைச்சலா என்றாள் ஒருத்தி. சாம்பார் வாளி என் பக்கம் வரவில்லை.

ஹைவே ஓரம் பழைய கார் விற்கிற ஒரு யார்டில் ஒரே மாடலில் இரண்டு செடான் நின்றன. இரண்டும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. இங்கே வேலைக்கு வந்த வெளிநாட்டு ஆபீசர்கள் ஊர் திரும்பும்போது விட்டுப்போனவை. பார்க்க அச்சு அசல் ஒன்றுபோல. வெள்ளையில் சின்ன இன்ஜின், டர்போ வைத்தது. கறுப்பில் பெரிய இன்ஜின், ஆறு சிலிண்டர்.

அன்றிலிருந்து வீட்டில் சோறு இறங்கவில்லை. என் தம்பி ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை செய்கிறான். ராத்திரி சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு சின்ன இன்ஜினுக்கு வக்காலத்து வாங்கினான். "மாமா, பெரிய இன்ஜின்னா மூஞ்சி வெயிட்டு. வளைவுல முன்னாடி இழுத்துகினு போவும். அக்காவுக்கு அங்கியே முடிஞ்சிது."

"போடா. டர்போ குபுக்குனு தள்ளும். அந்தத் தள்ளுலதான் அவளுக்குப் பொரட்டும். ஆறு சிலிண்டர் வெண்ண மாதிரி போவும்."

"ஏத்தத்துல வெண்ண இன்னா, நெய்யி இன்னா?"

நான் அவர்களுக்கு மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். என் வயிற்றைப் பற்றி இரண்டு ஆம்பளைகள் இவ்வளவு ஆராய்ச்சி செய்கிறார்களே, அந்த வயிறு இங்கேதான் நிற்கிறது, ஒரு வார்த்தை கேட்கலாமே என்று நினைத்தேன். கேட்டார்கள். "ஞாயித்துக்கெழம ரெண்டு வண்டியையும் எடுத்துகினு போறோம். நீ பின்னாடி குந்திகினு வா. எதுல கொமட்டலையோ அதுதான் நம்ம வண்டி" என்றார் வீட்டுக்காரர். அதாவது, நான்தான் மீட்டர்.

யார்டுக்காரர் தம்பிக்குப் பழக்கம். இரண்டு சாவியையும் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, வெறும் வயிற்றோடு, வெள்ளைக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் ஓட்ட, தம்பி கறுப்பு வண்டியில் பின்னாலேயே வந்தான். வண்டி நல்ல வண்டிதான், சத்தமே இல்லை. ஆனால் லாரியை முந்தும்போதெல்லாம் கொஞ்சம் யோசித்துவிட்டு, வந்துட்டேன் என்று ஒரு பாய்ச்சல் பாயும். பாய்ந்தவுடன் அவர் பிரேக்கைத் தொடுவார். சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில், டீக்கடைக்கு வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் கதவைத் திறந்துகொண்டு வாந்தி எடுத்தேன்.

"பாத்தியா?" என்று வீட்டுக்காரர் தம்பியிடம் கை நீட்டினார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். பெண்டாட்டி வாந்தி எடுத்ததற்கு இவ்வளவு பூரித்த மனுஷனை நான் பார்த்ததில்லை.

வாய் கொப்பளித்துவிட்டு நானும் அவரும் கறுப்பு வண்டிக்கு மாறினோம். அவர் சொன்னது சரிதான், வெண்ணெய்தான். ஸ்ரீபெரும்புதூர் வரை நான் ஜன்னலைக்கூட இறக்கவில்லை. கண்ணாடியில் அடிக்கடி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். ஒரகடம் ரோட்டில் திரும்பியதும் வந்தது வினை. கன்டெய்னர் லாரிகள், வேகத்தடைகள், ஷிஃப்ட் பஸ்கள். பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டார். வல்லக்கோட்டை போகிற திருப்பத்தில் "நிறுத்துயா!" என்று கத்தினேன். அங்கேயும் ஆயிற்று.

தம்பி பின்னால் வெள்ளை வண்டியை விட்டு ஓடி வந்தான். நான் ஒரு கல்மேல் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் எனக்கு சோடா வாங்க எதிர்க் கடைக்குப் போனார்கள். போகும்போதே பேச்சு.

"சின்னதுல சீக்கிரம் எடுத்தா. பெருசுல லேட்டா எடுத்தா. அப்ப பெருசுதான் பெஸ்ட்டு."

"ரோடு வேற மாமா. அத்த கணக்குல எடுக்கணும்."

எனக்கு அழுகை முட்டியது. இவர்கள் எந்த இன்ஜினை வாங்கினால் என்ன? நான் அந்த மலை ஏறப்போவதில்லை. என் பெண்ணின் வீட்டை நான் சாகிற வரைக்கும் போனில்தான் பார்க்கப்போகிறேன்.

அப்போது ஒரு கன்டெய்னர் லாரி அந்தத் திருப்பத்தில் திரும்பப் பார்த்து, முடியாமல் நின்று ஹாரன் அடித்தது. எங்கள் கறுப்பு வண்டி திருப்பத்தின் வாயை அடைத்துக்கொண்டு கோணலாக நின்றது. "யாருதும்மா வண்டி? எடுங்க!" என்று டிரைவர் கத்தினார். நான் சோடாக் கடையைப் பார்த்துக் கத்தினேன். அவர்களுக்கு ஆறு சிலிண்டரில் காது கேட்கவில்லை.

யார்டில் வேலை செய்கிறவளுக்கு ஒரு கார் கோணலாக நிற்பதைப் பார்த்தால் பொறுக்காது. சாவி வண்டியிலேயே இருந்தது, எழுந்து போய் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தேன். சீட்டை முன்னால் இழுத்தேன், கண்ணாடியைத் திருப்பினேன், பெல்ட் போட்டேன். வலது ஓகே, இடது ஓகே, எதிரே ஓகே. ஹாரன் அடித்தேன். லாரி டிரைவர் என்னையும் என் விரலையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஓரம்கட்டத்தான் எடுத்தேன். ஆனால் எடுத்த கோபத்தில் நிறுத்தத் தோன்றவில்லை. கேட்டுக்கு வெளியே நான் கார் ஓட்டியதே இல்லை. முதலில் இருபதில் போனேன். பின்னால் ஷிஃப்ட் பஸ் துரத்தியதும் முப்பது, நாற்பது. லைசென்ஸ் பையில் இருக்கிறது, பயம் வயிற்றில் இருக்கிறது, அப்படியே போனேன். ஒரகடம் பக்கம் ரோடு அகலமாகி, ஞாயிற்றுக்கிழமை ஆனதால் காலியாகக் கிடந்தது. பெடலை ஒருமுறை நன்றாக அழுத்தினேன். அம்மாடி! முதுகை யாரோ உள்ளங்கையால் தாங்கித் தூக்கின மாதிரி இருந்தது. இத்தனை வருஷமாக இருபதுக்குள் கட்டிப்போட்டிருந்தவளை அவிழ்த்துவிட்டார்கள். தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. எச்சில் ஊறவில்லை. காதுக்குப் பின்னால் வேர்க்கவில்லை. வேகத்தடை வருவது எனக்கு முன்பே தெரிகிறது, என் காலே பிரேக் போடுகிறது, வயிற்றுக்கு அதிர்ச்சியே இல்லை.

திரும்பி வந்தபோது வீட்டுக்காரர் சோடாவைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நின்றார். முகம் வெளுத்திருந்தது. ஓடிவந்து ஜன்னலில் குனிந்தார்.

"எங்க போன நீ? வாந்தி எடுத்தியா?"

"வரல."

"இன்னாது?"

"வரலய்யா. ஓட்டிகினு போனா வரல."

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி என்னைப் பார்த்தான். "அக்கா, டெய்லி எத்தினி வண்டி ஓட்ற நீ? ஒருநாளு வாந்தி எடுத்துக்கிறியா?" என்று கேட்டுவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே குந்திவிட்டான். கிராங்க் ஷாஃப்ட் கடைகிறவர், சர்வீஸ் செய்கிறவன், நாளெல்லாம் கார் ஓட்டுகிறவள். மூன்று பேரும் இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தோம், சீட்டைப் பார்க்கவில்லை. முதலில் யார் சிரித்தது என்று நினைவில்லை. லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற அளவுக்குச் சிரித்தோம். சோடாவை அவரே குடித்துவிட்டார்.

வெள்ளை வண்டியையும் ஓட்டிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. "லேடீஸ் ஓட்றதுன்னா சின்ன இன்ஜினே போதும்க்கா" என்றான் தம்பி. அதற்காகவே கறுப்பைச் சொல்லியிருப்பேன். ஆனால் உண்மையான காரணம் அந்த உள்ளங்கைதான். சின்னது யோசித்துவிட்டுத் தருகிறது, பெரியது கேட்டவுடன் தருகிறது. வீட்டுக்காரருக்கு இன்ஜினில் ஜெயித்த சந்தோஷம் வீடு வரைக்கும்கூட நிற்கவில்லை. ஓட்டப்போவது தான் இல்லை என்று பாதி வழியில் புரிந்துவிட்டது.

கறுப்பையே வாங்கினோம், போதகர் வந்து பானட்டில் கை வைத்து ஜெபித்தார். அதற்கப்புறம் ஞாயிறுதோறும் வாலாஜாபாத், காஞ்சிபுரம், வேலூர் என்று ஓட்டிப் பழகினேன். கை படிந்தது என்று எனக்கே நம்பிக்கை வந்தபிறகு மகளுக்குப் போன் செய்தோம். வருகிறோம் என்று மட்டும் சொன்னார் வீட்டுக்காரர். யார் ஓட்டுகிறார்கள் என்று சொல்லவில்லை.

மலையடிவாரத்தில் அவர் கைப்பிடியைப் பிடித்தார். முதல் வளைவிலிருந்தே தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டு வந்தார். "ஹாரன் அடி, ஹாரன் அடி" என்றார். "வாய மூடிகினு வா" என்றேன். போன தடவை திரும்பிய வளைவு வந்தது, போனது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "அழுவாத, ரோடு தெரியாது" என்று தன் கைக்குட்டையால் என் கண்ணை ஒற்றினார். அவர் கண்ணும் அப்படித்தான் இருந்தது.

பள்ளிக்கூட கேட்டைத் தாண்டி, அவள் சொல்லியிருந்த சிவப்பு ஓட்டு வீட்டு முன்னால் நிறுத்தினேன். மகள் வாசலில் நின்றாள். நல்ல சேலை, செருப்பு, தோளில் துணிப்பை, கையில் போன். அவள் முன்சீட்டைப் பார்க்கவே இல்லை. நேராக வந்து பின்கதவைத் திறந்தாள். உள்ளே யாரும் இல்லை.

"அம்மா எங்கப்பா? கீழயே விட்டுட்டியா?" என்று, இறங்கி நின்ற அப்பாவிடம் கேட்டாள். "போன் பண்ணா நானே சேலத்துக்கு எறங்கி வந்துருப்பேன்ல? ரெடியா தானே நிக்கறேன்!"

நான் என் கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன்.

அவள் என்னைப் பார்த்தாள், நான் இறங்கிய சீட்டைப் பார்த்தாள். பிறகு, சின்ன வயதில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு நிற்பாளே, அந்த முகத்தோடு, "வூட்ல ஒண்ணுமே செய்யலம்மா. எல்லாம் போட்டது போட்டபடி கெடக்குது. நீ வரமாட்டேன்னு நெனச்சிட்டேன்" என்று அழ ஆரம்பித்தாள்.

அவள் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டு, நான் முதலில் உள்ளே போனேன்.