டிராஃபிக் அம்மாவும் ஆறாம் மாடி லிஃப்டும்

அவருக்கு அந்தப் பெயரை வைத்தது என் அண்ணன். கதவுத் துளை வழியாக வெளியே பார்த்துவிட்டு, உள்ளிருந்தபடியே சத்தமாகச் சொன்னான்: "யாரோ ஒரு டிராஃபிக் போலீஸ் வந்திருக்கு. கையை ஆட்டிக்கிட்டே இருக்கு." நடைபாதையில் நின்ற எல்லோருக்கும் அது கேட்டது. அவருக்கும் கேட்டது. முதலில் சிரித்தவர் அவர்தான். அன்றிலிருந்து எனக்கும் அவர் டிராஃபிக் அம்மாதான்.

அரசாங்கத்தில் அவருக்கு ஒருங்கிணைப்பாளர் என்று பதவி. ஒரே குடும்பத்துக்கு வீடு ஒரு துறை, வைத்தியம் ஒரு துறை, உதவித்தொகை இன்னொரு துறை என்று ஆகும்போது, அந்தத் துறைகளை ஒன்றோடொன்று பேச வைப்பது அவர் வேலை. அதற்கு முன்பு அரசு மருத்துவமனையில் தொலைபேசி இணைப்புப் பலகையில் உட்கார்ந்திருந்தார். பலகையை எடுத்துவிட்டு இயந்திரம் வைத்தபோது, அவரை எங்கே போடுவது என்று தெரியாமல் யாரும் கேட்காத இந்த வேலையில் போட்டார்கள். மாடிப்படிக்குக் கீழே உடைந்த நாற்காலிகள் அடைத்துக் கிடந்த அறைதான் அலுவலகம். நாற்காலிகளில் இரண்டை அவரே ஆணி அடித்துச் சரிசெய்து வைத்துக்கொண்டார். அவற்றில் ஒன்று இன்னும் லேசாக ஆடும். ஆடாததை வருகிறவர்களுக்குக் கொடுப்பார்.

ஆடாத நாற்காலியில் உட்கார்ந்துதான் அவர் வேலை செய்யும் விதத்தை முதன்முதலாகப் பார்த்தேன். வீட்டு வாரியத்தைக் கேட்டால் மனநல மருத்துவமனை சொல்ல வேண்டும் என்பார்கள். மருத்துவமனையைக் கேட்டால் வாரியம் சொல்ல வேண்டும் என்பார்கள். அவர் அலுவலக போனில் ஒருவரையும் கைபேசியில் மற்றவரையும் கூப்பிட்டார். இரண்டிலும் ஒலிபெருக்கியைப் போட்டு, மேசைமேல் எதிரும் புதிருமாக வைத்தார்.

"ரெண்டு பேரும் பேசிக்குங்க. நான் டீ குடிச்சிட்டு வர்றேன்."

அவர் எங்கும் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஹலோ, யாரு?"

"நீங்க யாரு?"

"மேடம் இருக்காங்களா?"

"எனக்கும் அவங்கதான் போன் பண்ணாங்க."

கொஞ்ச நேரம் இரண்டு போனும் மூச்சு விட்டன. பிறகு வேறு வழியில்லாமல் பேச ஆரம்பித்தன. நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு இப்படியெல்லாம் வராது. கவுண்டரில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் "சொல்லுங்க" என்றதுமே சொல்ல வந்தது மறந்துபோகும்.

சொல்ல வேண்டியது பெரிய கதை இல்லை. அம்மா இறந்துவிட்டார். ஆறாம் மாடி வீடு அம்மா பேரில் இருந்தது. அண்ணனுக்குப் பல வருஷமாக மனநோய். மாதம் ஒரு ஊசி போட்டால் நன்றாக இருப்பான். அம்மா போன பிறகு ஊசிக்குப் போகவில்லை, கதவையும் திறப்பதில்லை. அவன் தனியாகப் பத்திரமாக இருப்பான் என்று வாரியத்து அதிகாரி நேரில் பார்த்துத் திருப்தியானால் வீடு அவன் பேருக்கு மாறும். இல்லாவிட்டால் வீட்டை எடுத்துக்கொண்டு, அவனை வேறு ஊரில் இருக்கும் காப்பகத்துக்கு அனுப்புவார்கள். கூண்டுக்குள் வைத்தால் அவன் பிழைக்க மாட்டான். என் வீட்டிலோ ரெண்டு அறையில் மாமியார், கொழுந்தன், பிள்ளைகள் என்று கால் வைக்க இடமில்லை. சலவைக்கூடத்தில் வேலை முடிந்து போகும்போது அவன் வாசலில் சாப்பாட்டை வைத்துவிட்டுப் போவேன். மறுநாள் தட்டு கழுவி, கவிழ்த்து வெளியே வைத்திருக்கும். அவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு எனக்கு அந்தத் தட்டுதான் சாட்சி.

முதல் முறை டிராஃபிக் அம்மா எல்லோரையும் ஒரே நாளில் அழைத்து வந்துவிட்டார். வாரியத்து அதிகாரி, நர்ஸ், உதவித்தொகைக்காரர், அவருடைய உதவியாளர் என்று நடைபாதை நிறைந்துவிட்டது. டிராஃபிக் அம்மா நடுவில் நின்று, நீங்கள் இப்படி, நீங்கள் அப்படி என்று ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். அப்போதுதான் அண்ணன் அந்தப் பெயரை வைத்தான். அதோடு உள்ளே கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தான். அந்தச் சத்தம் நடைபாதை முழுக்கக் கேட்டது.

மற்றவர்கள் போன பிறகு அவர் மாடிப்படியில் முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்தார்.

"என் தப்பு. எல்லாரும் ஒரே நாள்ல வந்தா உங்களுக்கு அலைச்சல் மிச்சம்னு நெனச்சேன். அவருக்கு அது படையெடுப்பு."

பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துத் திறந்து எனக்கும் நீட்டினார். போன் அடித்தது. அவர் கணவர்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டுக்கிட்டே இருக்கேன்."

"தினமும் இதையே சொல்ற."

"இன்னைக்கு நெஜமாவே. சாட்சிக்கு ஆள் இருக்கு."

போனை வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "உங்க அண்ணன் யாருக்குக் கதவைத் திறப்பார்?"

"யாருக்கும் இல்ல மேடம். எனக்கே இல்ல."

"அவசரமில்ல. மென்னுகிட்டே யோசிங்க."

இதுவரை என்னிடம் எல்லோரும், அவன் ஏன் திறப்பதில்லை என்றுதான் கேட்டிருந்தார்கள். யாருக்குத் திறப்பான் என்று ஒருவரும் கேட்டதில்லை. அப்போது சுவருக்குப் பின்னால் கடகடவென்று சத்தம் கேட்டு நின்றது. கீழே எங்கேயோ ஒருவர் தகரத்தைத் தட்டிக் கத்தினார். லிஃப்ட் வழக்கம்போல நின்றுவிட்டது. எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது.

"லிஃப்ட் ரிப்பேர்காரர் வந்தா வெளிய வருவான் மேடம். முன்னாடி மோட்டார் பட்டறைல வேலை செஞ்சவன். பக்கத்துல நின்னு பாத்துட்டு, அவர் போனதும் உள்ள போயிடுவான். சாப்பாடு வைக்க வந்தப்ப ரெண்டு தடவை தூரத்துல பாத்திருக்கேன்."

அவர் டப்பாவை மூடினார். "லிஃப்ட் அடுத்து எப்ப கெட்டுப்போகும்?"

"எப்ப கெட்டுப்போகாதுன்னு கேளுங்க மேடம்."

"அடேங்கப்பா! இவ்வளவு நாளா இந்த வாயை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

லிஃப்ட்காரரை அவர் அன்றே பிடித்துவிட்டார். தடித்த ஆள், சட்டைப் பையில் எப்போதும் ஒரு டார்ச். விஷயத்தைச் சொன்னதும், "உங்க அண்ணனா?" என்று என்னைப் பார்த்தார். "அவர் எனக்கு மேனேஜர்ங்க. நான் வேலை செய்வேன், அவர் குறை சொல்லுவார்." மாதாந்திர சர்வீஸ் வரும் வியாழக்கிழமை என்றார்.

வாரியத்து அதிகாரிக்கு இது பிடிக்கவில்லை. ஒலிபெருக்கியில் அவர் குரல் எரிச்சலாக வந்தது.

"லிஃப்ட் மெக்கானிக் எந்தத் துறை மேடம்? அவருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"உங்க துறைதான் சார். லிஃப்ட் உங்க வாரியத்தோடதுதானே?"

அதிகாரி வியாழக்கிழமை வருவதாகச் சொன்னார்.

எனக்கு இன்னொரு யோசனை தோன்றியது. அண்ணன் லிஃப்டைப் பார்க்க வந்ததும் அதிகாரிகள் படிக்கட்டு மறைவிலிருந்து வந்துவிடலாமே என்றேன். டிராஃபிக் அம்மா ஒரே வார்த்தையில் மறுத்தார்.

"கூடாது. ஏமாத்தி வெளிய கொண்டு வந்தா இன்னைக்கு ஜெயிப்போம். அப்புறம் அந்தக் கதவு யாருக்கும் திறக்காது, லிஃப்ட்காரருக்கும் சேத்து. யார் யார் நிக்கிறோம்னு சொல்லிட்டுத்தான் கூப்பிடணும்."

"வரலைன்னா?"

"வர வைக்கத்தான் பாக்கறோம். கவலைப்படாதீங்க."

வியாழக்கிழமை காலையில் ஆறாம் மாடியில் லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. கூண்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, உள்ளே விளக்கு போட்டிருந்தார்கள். லிஃப்ட் ஓடாததால் அதிகாரி ஆறு மாடியும் ஏறி வந்தார். சிவப்புச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது, மூச்சு வாங்கியது. இந்த முறை அவரும் நர்ஸும் மட்டும்தான். அவர்களைத் தள்ளி, எதிர்ச் சுவரோரம் நிற்க வைத்துவிட்டு டிராஃபிக் அம்மா கண்ணைக் காட்டினார். லிஃப்ட்காரர் கதவைத் தட்டினார்.

"மேனேஜர் சார்! உள்ளதைச் சொல்லிடறேன். வெளிய நாலு பேர் இருக்காங்க. உங்க தங்கச்சி, ஒரு நர்ஸ், வாரியத்துக்காரர் ஒருத்தர், அந்த டிராஃபிக். வாரியத்துக்காரர் வீட்டு விஷயமா உங்களைப் பாக்கணுமாம். லிஃப்டும் திறந்து வச்சிருக்கு. வந்தா வாங்க, வராட்டி நானே கிரீஸ் போட்டுக்கறேன்."

கதவு திறக்கவில்லை. லிஃப்ட்காரர் திரும்பிப் போய் ஸ்பேனரை எடுத்து வேலையை ஆரம்பித்துவிட்டார். நான் சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டிராஃபிக் அம்மா யாரையும் பார்க்கவில்லை, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி சாதாரணமாக நின்றார்.

உள்ளே கட்டில் இழுபடும் சத்தம். பிறகு தாழ்ப்பாள்.

அண்ணன் மெலிந்திருந்தான், தாடி வளர்ந்திருந்தது. சட்டை சுத்தமாக இருந்தது. எங்களில் யாரையும் பார்க்காமல் நேரே லிஃப்டுக்குப் போய்க் குனிந்து பார்த்தான்.

"நேத்து நாலாவது மாடில இருமுச்சு."

"இருமலா? எனக்குக் கேக்கலையே."

"உனக்கு எதுதான் கேட்டுச்சு? அந்த உருளை தேஞ்சிருக்கு. போன மாசமே சொன்னேன்."

"புது உருளை கேட்டு எழுதிப் போட்டாச்சு. வாரியம் தரணுமே."

அண்ணன் அப்போதுதான் திரும்பினான். "நீதான் வாரியமா?" என்று அதிகாரியைக் கேட்டான். எனக்கு உயிரே போய்விட்டது. அதிகாரி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஆமா" என்றார். அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"ஏறி வந்தியா?"

"ஏறித்தான் வந்தேன்."

"அப்ப தெரிஞ்சிருக்கும்."

அதிகாரி கேட்க வந்ததைக் கேட்டார். "நீங்க தனியா இருக்கீங்க. அடுப்பை அணைக்க மறந்துட்டா? இந்தக் கட்டடத்துல எத்தனை குடும்பம் இருக்கு, யார் பொறுப்பு?" அது நியாயமான கேள்வி. நானே என்னிடம் பலமுறை கேட்டுக்கொண்ட கேள்வி.

அண்ணன் திரும்பி வீட்டுக்குள் போனான். போச்சு என்று நினைத்தேன். கதவு மட்டும் திறந்தே இருந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"டிராஃபிக்! அந்தச் சிவப்புச் சட்டையை மட்டும் விடு."

நர்ஸும் ஓரடி எடுத்து வைத்துவிட்டார். டிராஃபிக் அம்மா இடது கையை உயர்த்தி நர்ஸை நிறுத்தினார். வலது கையை வீசி அதிகாரியை உள்ளே போகச் சொன்னார். லிஃப்ட்காரர் பள்ளத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை, காது முழுக்க அந்த வாசலில் இருந்தது. குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அடுப்பின் திருகு இரண்டு தடவை சொடுக்கியது. என்னவோ பேசினார்கள்.

அதிகாரி வெளியே வரும்போது கையில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது. நின்று முழுவதையும் குடித்தார். பின்னாலேயே வந்த அண்ணன் மறுபடி லிஃப்டில் கை வைத்தான்.

"என் வீட்டைவிடச் சுத்தமா இருக்கு," என்றார் டிராஃபிக் அம்மாவிடம். "அடுப்பை அணைச்சதும் சிலிண்டரையும் மூடணும்னு எனக்கே பாடம் எடுத்துட்டார். மாத்திக் கொடுத்துடலாம். ஆனா வைத்தியம் மறுபடி தொடங்கணும், மாசம் ஒரு தடவை யாராவது பாக்கணும். அது இல்லாம நான் கையெழுத்துப் போட முடியாது."

"நியாயம்," என்றார் டிராஃபிக் அம்மா. லிஃப்ட் பக்கம் திரும்பினார். "நீங்க மாசாமாசம் வர்றீங்கதானே?"

"மாசத்துல ஒரு வியாழக்கிழமை, தவறாம மேடம்."

"நர்ஸம்மா, உங்களுக்கு வியாழக்கிழமை எப்படி?"

நர்ஸ் அண்ணனைத்தான் பார்த்தார். "அடுத்த வாரம் டாக்டரைக் கூட்டிட்டு வர்றேன். அவர் பாத்துச் சொன்னதும், இவர் லிஃப்டுக்கு கிரீஸ் போடற அன்னைக்கு நான் ஊசியோட வரட்டுமா? உங்களுக்குச் சம்மதமா?"

அண்ணன் எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்தான். நெடுநேரம் துடைத்தான்.

"முதல்ல லிஃப்டுக்கு கிரீஸ். அப்புறம் எனக்கு."

இப்போது அப்படித்தான் நடக்கிறது. வீடு அண்ணன் பேருக்கு மாறிவிட்டது. வாரியம் புது உருளை இன்னும் தரவில்லை. முதல் ஊசி போட்ட வியாழக்கிழமை டிராஃபிக் அம்மாவும் வந்திருந்தார். இனி அடிக்கடி வர மாட்டேன், இங்கே எனக்கு வேலையில்லை என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே, வேறொரு வீட்டுக்காக யாரோ இரண்டு பேரை போனில் கோத்துவிட்டுக்கொண்டிருந்தார். முழங்கால் வலியோடு அவர் படி இறங்கப் போனபோது அண்ணன் தடுத்தான்.

"லிஃப்ட்ல போ. நாலாவது மாடில லேசா இருமும். பயப்படாதே."

"நின்னுட்டா?"

"நின்னா நான் இருக்கேன்."

அவர் ஏறினார். அண்ணன் மூடிய கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றான். நாலாவது மாடியில் லிஃப்ட் இருமியது, நிற்காமல் கீழே போனது.