டயரில் சாக்பீஸ் கோடு

எங்கள் தெருவில் ஆர்டித் ஹூக்ஸ்ட்ராவைப் போல ஒரு சந்தேகப் பிராணியை நீங்கள் பார்க்க முடியாது. ஆயில் மாற்றக் காரைக் கொடுப்பதற்கு முன்னால் ஓடிய மைலைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வாள். பால் டப்பாவில் தேதியைப் பார்த்த பிறகும் மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரசங்கம் நீளும்போது பெப்பர்மிண்ட் மிட்டாய் வரிசையாகக் கைமாறி வரும். யார் கை பட்டதோ என்று அவள் மட்டும் அதைத் தொடமாட்டாள். தன் கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள்.

ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. அங்கே இந்தக் குணம் நல்லதுதான், பல உயிரைக் காப்பாற்றியிருக்கும். வீட்டில்தான் பெரும் தொல்லை. புருஷன் டிர்க் லாரி ஓட்டுகிறவன், வாரக்கணக்கில் வீட்டுப் பக்கமே வரமாட்டான். ஒன்பது வயது டியூனிஸ், ஆறு வயது பீட் என்று இரண்டு பையன்கள். விடியுமுன் அவள் வேலைக்குக் கிளம்பிவிட்டால் அவர்களைப் பார்க்க ஆள் வேண்டும். முன்பு ஒருத்தியை வைத்திருந்தாள். அவள் பிள்ளைகளை டிவி முன் உட்கார வைத்துவிட்டு, ஆர்டித்தின் காரிலேயே காதலனோடு ஊர் சுற்றியிருக்கிறாள். அது தெரிந்ததிலிருந்து ஆர்டித் எவரையும் நம்புவதில்லை. அதை நான் குறை சொல்லமாட்டேன்.

கடைசியில் ஒரு ஏஜென்சி மூலமாக கொலம்பியாவிலிருந்து யுரானி வந்தாள். வீட்டோடு தங்கி, வீட்டில் ஒருத்தியாகச் சாப்பிட்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண். இங்கே ஓ-பேர் என்போம். பளிச்சென்று சிரிப்பாள். அப்பாவின் காய்கறி வண்டியை மலைப்பாதையில் ஓட்டிப் பழகியவள்.

நான் லோயிஸ். எதிர்வீடு. இன்ஷூரன்ஸ் விற்பது என் பிழைப்பு, அதனால் ஆர்டித் என்னையும் நம்பியதில்லை. யுரானி வந்த வாரமே என் ஆபீசுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"இந்தப் பொண்ணு வந்ததுக்காக எங்க கார் இன்ஷூரன்ஸ் ஏறுமா?"

"உன் வீட்ல குடியிருக்கா, லைசென்ஸ் வச்சிருக்கா. பாலிசில அவ பேரச் சேக்கணும் ஆர்டித். அவ ஊர்ல எத்தன வருஷம் ஓட்டியிருந்தாலும் கம்பெனி அதக் கணக்குல எடுக்காது. இப்பதான் கத்துக்கிட்ட பதினாறு வயசுப் பையனுக்குப் போடுற மாதிரிதான் போடுவாங்க."

"அதானே பாத்தேன். எங்கடா ஆள் மாட்டும்னு காத்துட்டிருப்பீங்களே! அவ ஓட்டவே மாட்டா. அப்ப எதுக்குச் சேக்கணும்?"

"ஓட்டமாட்டான்னா அதையும் எழுதிக் குடுக்கணும். அவள விலக்கி வைக்கிறேன்னு கையெழுத்துப் போடு. ஆனா ஒண்ணு, அதுக்கப்புறம் அவ ஸ்டியரிங்குக்கு முன்னாடி உக்காந்து ஏதாவது ஆச்சுன்னா கம்பெனி கையை விரிச்சிடும். முழுசும் உன் தலைலதான் விடியும்."

"உக்காரமாட்டா. நான் பாத்துக்கறேன்."

கையெழுத்துப் போட்டாள். பேனாவை என் மேஜையில் வைக்காமல் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அது என் பேனா.

காரேஜில் நிற்கும் டிர்க்கின் பழைய கார் கியர் போட்டு ஓட்டுவது. எங்கள் தெருவில் மற்றதெல்லாம் ஆட்டோமேட்டிக், கிளட்ச் மிதிக்கத் தெரிந்தவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். திருடன்கூட அதை எடுக்கமாட்டான் என்பது டிர்க்கின் பெருமை. ஆனால் யுரானிக்கு அதுதான் பழக்கமான வண்டி. அதை நினைத்தே ஆர்டித்துக்குத் தூக்கம் போயிற்று. சாவியை ஒளித்து வைத்தாள். ஒளித்த இடத்தைத் தினமும் மாற்றினாள். அதுவும் போதாமல், பின்சக்கர டயரிலிருந்து தரை வரை சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து வைத்தாள். வண்டி அசைந்தால் கோடு விலகும் அல்லவா?

கிறிஸ்துமஸ் விடுமுறையில் கோடு விலகியது.

"லோயிஸ், கோடு ஒரு பக்கம், டயர் ஒரு பக்கம்!" என்று என் சமையலறைக்கே வந்து நின்றாள். "சாவி மாவு டப்பாவுக்குள்ள இருந்துச்சு. அதையும் கண்டுபிடிச்சிருக்கா. ஒண்ணும் தெரியாதவ மாதிரி சிரிச்சிட்டே நிக்கிறாளே, பாத்தியா?"

"அவகிட்டக் கேட்டியா?"

"கேட்டா உண்மையா சொல்லப்போறா?"

மறுபடி கோடு போட்டாள். இந்தத் தடவை கோடே இல்லை. டயரிலும் இல்லை, தரையிலும் இல்லை, ஈரத் துணியால் சுத்தமாகத் துடைத்திருந்தது. ஆர்டித்துக்கு அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? ஏஜென்சிக்குப் போன் போட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை ஏஜென்சியின் உள்ளூர்ப் பொறுப்பாளர் அம்மாள் வந்து யுரானியை அழைத்துப் போவதாக ஏற்பாடு. வேறு குடும்பம் சீக்கிரத்தில் கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் அந்தப் பெண் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு விமானம் ஏறவேண்டியதுதான். யுரானிக்கு இது எதுவும் தெரியாது. அன்று காலைகூட என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். எனக்குத்தான் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

"எதுக்கும் கையும் களவுமா பிடிச்சிடுவோம். பாலிசி போட்டவ நீ. நீயும் வந்து பாரு" என்றாள் ஆர்டித்.

வியாழக்கிழமை அவள் வேலைக்குப் போவதுபோலக் கிளம்பி, சர்ச் வாசலில் காரை நிறுத்திவிட்டு, கொல்லைப்புறங்கள் வழியாகப் பனியில் நடந்து என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பூட்ஸைக் கழற்றிவிட்டு, சாக்ஸ் காலோடு ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றாள். கையில் வீடியோ எடுக்கப் போன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் திரையை விட்டு நகரவும் மனம் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நன்றாக விடிந்த பிறகு எதிரே காரேஜ் கதவு மேலே ஏறியது. ஆர்டித் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"பாத்தியா! பாத்தியா!"

காரின் பின்பக்கம் மெல்ல வெளியே வந்தது. ஆனால் என்ஜின் சத்தமே இல்லை. புகையும் வரவில்லை. ஓட்டுபவர் சீட் காலியாக இருந்தது. முன்னால் யுரானியும் பீட்டும் பானெட்டில் கை ஊன்றி, காரைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். டியூனிஸ் ஒரு விறகுக் கட்டையோடு பக்கவாட்டில் நின்றான், வண்டி வெளியே வந்ததும் சக்கரத்துக்கு அடியில் வைக்க.

"என்ன பண்ணுதுங்க?" என்றாள் ஆர்டித். போனைக் கீழே இறக்கிவிட்டாள்.

முந்தின நாள் தூறிய மழை இரவில் உறைந்து, வாசல் சரிவு முழுக்கக் கண்ணாடியாகக் கிடந்தது. வண்டி சரிவைத் தொட்டதும் தானாக வேகம் எடுத்தது. டியூனிஸ் கட்டையோடு பின்னால் ஓடினான், வழுக்கி மல்லாந்து விழுந்தான். வண்டி அவனை நோக்கியே இறங்கியது. ஆர்டித்தின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

யுரானி சறுக்கிக்கொண்டே பக்கவாட்டில் ஓடி, கதவைத் திறந்து உள்ளே பாய்ந்தாள். பிரேக்கை மிதித்து ஹேண்ட் பிரேக்கையும் இழுத்தாள். வண்டி கோணலாகத் திரும்பி நின்றது. டியூனிஸின் பூட்ஸுக்கும் டயருக்கும் நடுவில் அந்த விறகுக் கட்டை மட்டும்தான் கிடந்தது.

நாங்கள் தெருவைக் கடந்து போய்ச் சேர்ந்தபோது பையன் எழுந்து பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஆர்டித் சாக்ஸ் காலோடு ஐஸில் மண்டியிட்டு அவன் கை காலெல்லாம் தடவிப் பார்த்தாள். அவளைக் கண்டதும் யுரானி நெருப்பை மிதித்தவளைப் போலக் காரிலிருந்து வெளியே குதித்து, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் நின்றாள்.

"ஆர்டித், சத்தியமா நான் ஓட்டல! உக்காந்தேன், அவ்ளோதான். பிரேக் மட்டுந்தான் போட்டேன். சாவி எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது!"

பிள்ளையின் உயிரைக் காப்பாற்றிய கை, போலீஸைக் கண்டதுபோல மேலே நின்றுகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வண்டிய எதுக்கு வெளிய தள்ளினீங்க?" என்றாள் ஆர்டித். அப்போதும் குரலில் அந்தப் பழைய அதட்டல் போகவில்லை.

"ஹாக்கி ஆடத்தான்மா" என்றான் பீட். "வெளிய குளிருது. உள்ள கார் நிக்கிது. நியூட்ரல்ல போட்டுத் தள்ளினா சாவியே வேணாம். ஆடி முடிச்சிட்டு திரும்பத் தள்ளி வச்சிருவோம்."

காரேஜுக்குள் எட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் துணிக்கூடையைக் கவிழ்த்துக் கோல் போஸ்ட் செய்திருந்தார்கள்.

"ஓட்டக்கூடாதுன்னுதானே சொன்னீங்க? தள்ளக்கூடாதுன்னு சொல்லலையே" என்றாள் யுரானி, பயந்தபடியே. "ஐஸ் இருக்கும்னு நான் பாத்திருக்கணும். தப்புதான்."

"அப்ப அந்தக் கோட்டை எதுக்குத் தொடச்சே?"

"டயர்ல இருந்த சாக்பீஸ் கோடா? டியூனிஸ் கிறுக்கி வச்சிருந்தான். அப்பா வண்டில இப்படியா வரையறதுன்னு திட்டி, அவனையே தொடைக்க வச்சேன்."

"நான் வரையலன்னு எத்தன தடவ சொன்னேன்!" டியூனிஸுக்கு விழுந்தபோது வராத அழுகை இப்போது வந்தது. "நம்பவே மாட்டேன்னுட்டா. பொய் சொன்னேன்னு அன்னிக்கு என்னைய ஆட்டத்துலயும் சேக்கல!"

ஆர்டித் ஐஸை விட்டு எழுந்திருக்கவில்லை. சாக்ஸ் நனைந்து கால் சிவந்துபோயிருந்தது.

"நீ வரையலடா," என்றாள். "நான்தான் போட்டேன்."

"எதுக்கும்மா?"

ஆர்டித் அவன் முதுகில் ஒட்டியிருந்த ஐஸைத் தட்டிவிட்டாள். யுரானியின் கை மெதுவாகக் கீழே இறங்கியது. புரிந்துவிட்டது அவளுக்கு. வீட்டுக்குள் போய், ஆர்டித்தின் செருப்பை எடுத்து வந்து அவள் காலடியில் வைத்தாள். நன்றாக நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். நானாக இருந்தால் கேட்டிருப்பேன்.

மத்தியானம் ஆர்டித் என் ஆபீசுக்கு வந்தாள். கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள்.

"இன்னிக்கு வண்டி டியூனிஸ் மேல ஏறியிருந்தா... யுரானிதானே சீட்ல இருந்தா?"

"கம்பெனி ஒத்தக் காசு குடுத்திருக்காது. அந்த சீட்ல அவ உக்காரக் கூடாதுன்னு நீ கையெழுத்துப் போட்டிருக்க."

"அவ உக்காரலன்னா?"

நான் அவள் பைலை எடுத்து மேஜையில் விரித்தேன்.

"அவ பேரச் சேத்துரு" என்றாள். கட்டணத்தைச் சொன்னதும் முகம் சுருங்கியது. "இதுல உனக்கு எவ்ளோ வரும்?" என்று கேட்கவும் மறக்கவில்லை. பிறவிக் குணம் ஒரே நாளில் போய்விடுமா? ஆனால் என் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஏஜென்சிக்குப் போன் பண்ணி வரவேண்டாமென்று சொல்ல மறந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை அந்தப் பொறுப்பாளர் அம்மாள் வந்து நின்றபோது ஆர்டித் வாசலில்தான் இருந்தாள், நானும் பக்கத்தில் இருந்தேன். சரிவு முழுக்க உப்பு கொட்டியிருந்தது. காரேஜ் காலி.

"யுரானியக் கூட்டிட்டுப் போக வந்தேன். ரெடியா?"

"அவ இல்ல. பசங்கள ஐஸ் ஹாக்கிக்கு டிர்க்கோட கார்ல கூட்டிட்டுப் போயிருக்கா. இனிமே நீங்க வரவேண்டியதில்ல."

அந்த அம்மாள் குழம்பிப்போய்த் திரும்பினாள். ஆர்டித் மட்டும் உள்ளே போகாமல், குளிரில் கையைக் கட்டிக்கொண்டு தெருமுனையையே பார்த்தபடி நின்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

"இன்னும் சந்தேகமா ஆர்டித்?"

"சந்தேகம் இல்ல லோயிஸ். ரோடெல்லாம் வழுக்குது," என்றாள். "மூணு பேரும் பத்திரமா வீடு வந்து சேரணும்."