பழுப்பு அட்டை போட்ட பாடப்புத்தகம்

இதை எழுதலாமா கூடாதா என்று எத்தனையோ வருஷம் தயங்கியிருக்கிறேன். இரண்டு முறை நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டதோடு மூடி வைத்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுத வராது என்பது ஒரு காரணம். எழுதினால் என் அம்மா சாமி காரியத்தில் செய்த ஒரு தவற்றையும் சேர்த்து எழுத வேண்டிவரும் என்பது பெரிய காரணம். ஆனால் போன மாதம் ஒரு கல்யாணத்தில் எங்கள் உறவுக்காரர் ஒருவர் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்லக் கேட்டேன். புத்தகமே இல்லாமல் என் அத்தைக்குச் சரஸ்வதி கனவில் வந்து இங்கிலீஷ் பாடம் சொல்லிக்கொடுத்தாளாம். பந்தியில் இருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. நடந்ததைப் பார்த்தவர்களில் இப்போது நான் ஒருத்திதான் மிச்சம்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்கு விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் ஆபீசில் வேலை. ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பாவின் தங்கையான என் அத்தையும் எங்களோடு இருந்தாள். அத்தையைக் கட்டிக்கொடுத்தது ஓமந்தூர்ப் பக்கம். இரண்டு வருஷம் வாழ்ந்துவிட்டு ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தவள் திரும்பப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்கக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. அதற்குப் பதிலாகத் தினமும் விளக்கு வைத்ததும் நான் ஒரு வேண்டுதல் சொல்ல வேண்டும்: “அத்தை சீக்கிரமா அவங்க வூட்டுக்குப் போய்ச் சேரணும், சாமி.” நானும் கண்ணை மூடிக்கொண்டு ஒழுங்காகச் சொல்லிவந்தேன்.

அத்தை பி.ஏ., பி.டி. படித்தவள். திண்டிவனத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். காலைப் பாசஞ்சரில் போய் சாயங்காலப் பாசஞ்சரில் திரும்புவாள். வழியில் மயிலம் வந்ததும் முருகனை நினைத்து ஜன்னல் வழியாக ஒரு கும்பிடு. வேலை அப்போது தற்காலிகம்தான். சரஸ்வதி பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் அன்று இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வந்து அத்தை வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார், அவருக்குப் பிடித்தால் வேலை நிலைக்கும் என்று தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார். அதற்கு முந்தின வாரம் ஓமந்தூரிலிருந்தும் ஆள் வந்துவிட்டுப் போயிருந்தது. அப்பா அத்தையைக் கூப்பிட்டு இரண்டே வார்த்தை பேசினார்.

“வேல நிலைச்சுதுன்னா இங்கியே இரு. நிலைக்கலன்னா தீபாவளிக்கி அவங்க வந்து கூப்புடுவாங்க, போயிடணும். எத்தினி நாளிக்கி நான் பதில் சொல்லிக்கினு இருக்கறது?”

அத்தை “சரிங்கண்ணா” என்று மட்டும் சொன்னாள்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு என்று அவளுக்கு ஒதுக்கியது பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் செய்யுள். பாட்டின் பெயரும் எழுதியவர் பெயரும் எனக்குத் தெரியாது. கதை தெரியும். பனி கொட்டுகிற ஊரில் ஒருவன் குதிரையில் வழி தெரியாமல் அலைகிறான். தூரத்தில் ஒரு ஜன்னலில் விளக்கு தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்கிறான். அவ்வளவுதான். இதற்கு எட்டு நாள் பாடம். எந்த நாளில் எதைச் சொல்வது, எதை வரைந்து காட்டுவது, என்ன கேள்வி கேட்பது என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, படங்களும் அட்டைகளும் தயார் செய்து மேசைமேல் வைக்க வேண்டும். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிக் கடினமான வார்த்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை எழுத வேண்டும். காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் குதிரையும் வீடும் வரைய வேண்டும். வரிகளைப் பெரிய எழுத்தில் சார்ட்டில் எழுதித் தொங்கவிட வேண்டும். விடுமுறை இரண்டு நாளும் இதற்கே சரியாக இருக்கும் என்று அத்தை கணக்குப் போட்டிருந்தாள்.

பனி என்றால் திண்டிவனத்துப் பெண்களுக்கு மார்கழிப் பனிதான். அதனால் அத்தை பழைய தலையணை ஒன்றைப் பிரித்து இலவம் பஞ்சு எடுத்து, “வானத்துலருந்து இப்படித்தான் வுழும் அண்ணி” என்று அம்மா தலைக்கு மேலேயிருந்து உதறிக் காட்டினாள். அம்மா கேப்பை மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

“மாவுல வுழுவுது பாரு. ஏம்மா, மழைன்னா கொடை புடிக்கலாம். பஞ்சு மாதிரி வுழுந்தா அந்த ஊருல கொடை புடிப்பாங்களா, மாட்டாங்களா?”

அத்தை சிரித்து, அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

சரஸ்வதி பூஜை அன்று எங்கள் வீட்டில் அப்பா வைத்ததுதான் சட்டம். காலையில் வீட்டிலிருக்கிற புத்தகம் எல்லாம் பலகையில் ஏறிவிடும். மறுநாள் மறுபூஜை ஆகும்வரை அதைத் தொடக்கூடாது. படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. அந்த வருஷம் விஜயதசமியன்று அப்பாவுக்குப் பகல் டியூட்டி. அதனால் சாயங்காலம் அவர் வந்த பிறகுதான் மறுபூஜை. அத்தை முதல் நாளே அப்பாவிடம் கேட்டு, செய்யுள் புத்தகம் ஒன்றை மட்டும் பூஜையில் வைக்காமல் கடிகாரத்துக்குப் பக்கத்தில் தனியாக எடுத்து வைத்திருந்தாள். “எழுதாத. படம் வேணா வரைஞ்சிக்கோ” என்று அப்பாவும் இறங்கி வந்திருந்தார்.

இது எனக்குத் தெரியாது. புத்தகங்களை அடுக்குவது என் வேலை. “ஒண்ணுகூட வுடக்கூடாது” என்று அப்பா சொல்லியிருந்தார். அடுத்த குவார்ட்டர்ஸ் பெண்ணின் அடுக்கைவிட என் அடுக்கு உயரமாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஸ்டூல் போட்டு ஏறிக் கடிகாரத்துக்குப் பக்கத்திலிருந்ததையும் எடுத்தேன். பார்சல் ஆபீஸ் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்ட புத்தகம். அத்தைக்குப் பாடம் நன்றாக வரட்டும் என்று நானே சந்தனம் குங்குமம் வைத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். வாசல் கதவுப் பக்கம் ஆணியில் தொங்கிய அப்பாவின் ரயில்வே டைம்டேபிளை மட்டும் விட்டுவிட்டேன். அதை யாரும் புத்தகம் என்று நினைப்பதில்லை.

கற்பூரம் காட்டி முடித்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்போதுதான் அத்தை பார்த்தாள்.

“அண்ணா, அது என் புஸ்தகம்.”

அப்பா திரும்பிப் பார்த்தார். “கற்பூரம் காட்டியாச்சே” என்றார். “தெரிஞ்சோ தெரியாமலோ சரஸ்வதி காலடிக்குப் போயிட்ச்சி. நடுவுல எடுக்கக் கூடாதும்மா. நாளைக்கி சாயங்காலம் எடுத்துக்கோ.”

“அதுக்கு மறுநாள் காலையில எனக்கு ரயிலுங்கண்ணா.”

“தெரியுது. அவ பாத்துக்குவா.”

பொரியும் கடலையும் தின்றுவிட்டு, பார்சல் ஆபீசில் நடக்கிற ஆயுத பூஜைக்கு அப்பா கிளம்பிப் போனார். அத்தை பின்பக்கம் குழாயடிக்குப் போய் உட்கார்ந்தாள். அம்மா பின்னாலேயே போனாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். திட்டு விழும் என்று பயம்.

“இதுக்குப் போயி அழுவாங்களா? போனா என்னா, உன் வூட்டுக்குத்தான போறே. நாலு பேரு வாழலியா?” என்று அம்மா சொன்னது கேட்டது. அத்தை சேலைத் தலைப்பை விலக்கி, ரவிக்கையைச் சற்று இறக்கி, அம்மாவுக்குத் தோளைக் காட்டினாள். வரிசையாக நாலைந்து கருப்புத் தழும்புகள். பழைய அம்மைத் தழும்பு என்று அப்போது நினைத்தேன். அம்மா தன் முந்தானையால் அந்தத் தோளை மூடினாள்.

அப்புறம் அம்மா கைகால் கழுவிக்கொண்டு நேராகப் பூஜைப் பலகைக்கு வந்தாள். விழுந்து கும்பிட்டாள். எழுந்து, மேலே இருந்த புத்தகத்தை எடுத்தாள். ஆணியிலிருந்த டைம்டேபிளைக் கொண்டுவந்து இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அளவு பார்த்தாள். பழுப்பு அட்டையைக் கழற்றி டைம்டேபிளுக்குப் போட்டாள். கிழிசல் ஒன்றும் தெரியவில்லை. சந்தனமும் குங்குமமும் அட்டையோடேயே வந்துவிட்டன. அதைப் பலகையில் வைத்துவிட்டு, அட்டையில்லாத புத்தகத்தை அத்தை கையில் கொடுத்தாள்.

“அண்ணி, அண்ணனுக்குத் தெரிஞ்சா?”

“நீ உக்காந்து எழுதற வேலையப் பாரு. சாமிகிட்ட நான் சொல்லிக்கறேன்.” பிறகு என்னைப் பார்த்து, “நீ வாயத் தொறந்தே, தெரியும் சேதி” என்றாள். அன்று விளக்கு வைத்ததும் நான் வழக்கமான வேண்டுதலைத் தொடங்கினேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். “அது இனிமே வாணாம். அத்தைக்கு எது நல்லதோ அதைக் குடுன்னு மட்டும் கேளு.”

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அன்றும் மறுநாளும் அத்தை எழுதினாள். நான் அட்டை வெட்டினேன். அம்மா கஞ்சிப் பசை காய்ச்சிக் கொடுத்தாள்.

விஜயதசமி விடிகாலையில் அப்பா டியூட்டிக்குக் கிளம்பும்போது நான் முழித்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல அவர் கை ஆணிக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. கை அப்படியே நின்றது. பிறகு திரும்பிப் பூஜைப் பலகையை வெகுநேரம் பார்த்தார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

சாயங்காலம் வந்து குளித்துவிட்டு மறுபூஜை செய்தார். அது முடிந்ததும் ஒவ்வொருவரும் தங்கள் புத்தகத்தைப் பலகையிலிருந்து எடுத்து, சாமி முன்னால் நின்று கொஞ்சம் உரக்கப் படிக்க வேண்டும். அதுவும் வழக்கம். அம்மா இதை மறந்தே போயிருந்தாள். நான் என் தமிழ்ப் பாடத்தைப் படித்தேன். என்ன படித்தேன் என்று எனக்கே தெரியாது.

“நீயும் படிம்மா. உனுக்குத்தான் முக்கியம்” என்றார் அப்பா.

அத்தை பழுப்பு அட்டைப் புத்தகத்தை எடுத்து விரித்தாள். பக்கத்தில் நின்ற எனக்கு நன்றாகத் தெரிந்தது. பக்கம் முழுவதும் கோடும் கட்டமும், கட்டத்துக்குள் எண்களும். அம்மா தீபாராதனைத் தட்டைக் கீழே வைக்காமல் அப்படியே பிடித்திருந்தாள். அத்தை அந்த எண்களைப் பார்த்துக்கொண்டே இங்கிலீஷில் பாட்டைச் சொல்லத் தொடங்கினாள். இரண்டு நாளாகச் சார்ட்டில் எழுதி எழுதி அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது. பனி கொட்டியது, குதிரைக்காரன் அலைந்தான். எனக்கு மொழி தெரியாவிட்டாலும் எந்த இடத்தில் விளக்கு தெரிகிறது என்று குரலிலேயே தெரிந்தது.

அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “பக்கத்தைப் பொரட்டும்மா. அவ்ளோ பாட்டும் ஒரே பக்கத்துலியா இருக்குது?”

அத்தை அவசரமாக ஒரு பக்கம் புரட்டினாள். பாட்டை முடித்துப் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்பா “நல்லா இருக்குது” என்றார். அவ்வளவுதான். தப்பித்தோம் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா முன்னால், என் அம்மா கேட்ட குடைக் கேள்வியைத்தான் அத்தை முதல் கேள்வியாகக் கேட்டாளாம். வகுப்பு முழுக்கக் கை தூக்கியதாம். அந்த அம்மா பஞ்சைத் தன் கையிலும் கொஞ்சம் வாங்கிப் பார்த்தாராம். பொங்கலுக்குள் வேலை நிலைத்துவிட்டது. அதற்கு முன்பே, தீபாவளிக்கு ஓமந்தூரிலிருந்து வந்தவர்களிடம் அப்பாவே வாசலில் நின்று, “பள்ளிக்கூடத்துல அவளை வுட மாட்டேங்கறாங்க” என்று சொல்லி அனுப்பினார். அத்தை முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பாசஞ்சரில் போய்வந்தாள்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். மறுபூஜை முடிந்து அம்மாவும் அத்தையும் சமையலறைக்குப் போனதும், யாருக்கும் தெரியாமல் டைம்டேபிளை எப்படி ஆணிக்குக் கொண்டுபோவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அப்பா பலகையிலிருந்து அந்தப் பழுப்பு அட்டைப் புத்தகத்தை எடுத்தார். அதைத் திறந்து பார்க்கவில்லை. சந்தனத்தைத் துண்டால் ஒற்றிவிட்டு, நேராகப் போய் ஆணியில் மாட்டினார். அவரைப் பொறுத்தவரை அது அத்தையின் புத்தகம், அதைப் போய் இங்கே மாட்டுகிறாரே, அப்பாவுக்கு எவ்வளவு மறதி என்று நினைத்து, நல்லகாலம் என்று சாமிக்கு நன்றி சொன்னேன். அடுத்த டைம்டேபிள் வந்தபோது, பழையதிலிருந்து அந்தக் குங்குமக் கறை அட்டையைப் பதமாகக் கழற்றிப் புதிதுக்குப் போட்டுக்கொண்டார். ரிடையர் ஆகும் வரை அந்த அட்டைதான். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அம்மாவும் சொன்னதில்லை. காகிதம் வீணாகக் கூடாது என்பதற்காகச் செய்கிறார் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

அம்மா செய்தது பாவமா என்று எனக்குத் தெரியாது. விளக்கு வைக்கும்போது அவளுக்காகவும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கோ உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கோ இதைச் சொல்வதானால், கனவு ஒன்றும் சேர்க்காதீர்கள். அம்மா புத்தகத்தை எடுத்ததையும், அப்பா பக்கத்தைப் புரட்டச் சொன்னதையும், ஆணியையும் விட்டுவிடாமல், நடந்தது நடந்தபடியே சொல்லுங்கள்.