சாய்வு ரேக்

எங்கள் தொழிற்சாலையில் ஆளுக்கு மாதம் ஒரு யோசனை எழுதிக் கொடுத்தாக வேண்டும். கைசன் என்று அதற்கு ஒரு ஜப்பான் பெயர். வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செம்மைப்படுத்துவதாம். இருபத்தைந்தாம் தேதிக்குள் தாள் போகவில்லை என்றால், காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பெயரைப் படிப்பார்கள். அந்த மானக்கேட்டுக்குப் பயந்தே பாதிப் பேர் துடைப்பத்தை எங்கே மாட்டலாம் என்று எழுதித் தள்ளினோம்.

கார்க் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறியைப் பூட்டும் லைனில் நாங்கள் ஆறு பேர். ஐந்து பேர் நின்ற இடத்திலேயே நிற்போம். ஆறாவது ஆளான என் சிநேகிதன் ஸ்டோரிலிருந்து மோட்டார் பெட்டிகளைத் தூக்கி வந்து எங்கள் கைக்கெட்டும்படி வைப்பான். அவன் அச்சரப்பாக்கத்துப் பக்கம், நான் மதுராந்தகம். ஒரே கம்பெனி பஸ், பக்கத்துப் பக்கத்து சீட். எனக்கு நிரந்தர வேலை, அவன் கான்ட்ராக்ட். பஸ்ஸில் அந்த வித்தியாசம் தெரியாது.

ஒரு நாள் பஸ்ஸில் முட்டியை நீவிக்கொண்டே சொன்னான்: “நடந்து நடந்து முட்டி பேஜாரா கீது மச்சான். இன்னா பண்றதுன்னே தெர்ல.”

அந்த மாதத்து யோசனை எனக்குக் கிடைத்துவிட்டது. சத்தியமாக அவன் முட்டிக்காகத்தான் யோசித்தேன். எத்தனை முறை சொன்னாலும் எனக்கே அது சப்பைக்கட்டாகத்தான் கேட்கிறது.

ஸ்டோர் சுவரில் ஒரு திறப்பு. அங்கிருந்து லைன்வரை வரிசை வரிசையாக உருளை வைத்த சாய்வு ரேக். ஸ்டோர்காரர் மேலே பெட்டியை வைத்தால் தானாகச் சறுக்கி எங்கள் கைக்கு வந்துவிடும். எழுதியது நான், நடத்திக் காட்டியது அவன். சரிவு அதிகமானால் பெட்டி வந்து மோதியது, குறைந்தால் நடுவில் நின்றது. சாப்பாட்டு நேரத்தையெல்லாம் விட்டுவிட்டு, ரேக்கின் காலுக்கடியில் கட்டை வைத்து வைத்துச் சரிவைப் பிடித்தான். எவ்வளவு நேரம் மிச்சம் என்று ஸ்டாப்வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவனும் அவன்தான்.

“இனிமே ஜாலி மச்சான். நடையே இல்ல,” என்றான்.

நடை இல்லாவிட்டால் அவனுக்கு அங்கே என்ன வேலை? ஆறு பேரில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. எங்கே நொடி வீணாகிறது என்று தேடத்தான் எங்களைப் பழக்கியிருந்தார்கள். தேடினோம், கண்டுபிடித்தோம், கை தட்டினோம். மடையர்கள்.

எனக்கு மேடையில் ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை அவனுக்கு கேட் பாஸ் புதுப்பிக்கப்படவில்லை.

எஞ்சினியரிடம் போய், “அந்த ரேக்க செட் பண்ணதே அவன்தான் சார்,” என்றேன்.

“எல்லாம் டீம் ஒர்க்தாம்பா. இனிமே லைனுக்கு அஞ்சு பேர் போதும்,” என்றார், சிரித்த முகத்தோடு.

“சரி சார்” என்று லைனுக்குத் திரும்பிவிட்டேன். வீடு, பிள்ளைகள் என்று காரணம் சொல்லலாம். பயந்துவிட்டேன் என்பதுதான் உண்மை.

சில மாதம் கழித்து, ஒரு விடுமுறை நாளில் அவனைப் பார்த்தேன். மதுராந்தகத்தில் ஒரு நெல் மண்டி வாசலில் லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். அந்த முட்டியோடுதான். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. தலைத்துண்டை உதறிக்கொண்டே வந்து, “ரேக்கு நல்லா ஓடுதா மச்சான்?” என்று கேட்டான்.

“மூணாவது வரிசைல பெட்டி சிக்கிகினு நிக்குது.”

“நீ அந்தக் கட்டைய எடுத்துட்டு ரப்பர் வையி. கட்டை தேஞ்சி சரிவு கொறஞ்சிருக்கும். சரியாப் பூடும்.”

வைத்தேன். சரியாகப் போய்விட்டது.

இருபத்தைந்தாம் தேதி நெருங்கியது. அந்த ரப்பர் விஷயத்தையே தாளில் எழுதி, யோசனை சொன்னவர் என்ற இடத்தில் அவன் பெயரைப் போட்டுக் கொடுத்தேன். ஊழியர் எண் இல்லை என்று தாள் திரும்பி வந்தது.

மறுநாள் காலைக் கூட்டத்தில் பெயர் படிப்பார்கள். அவன் பெயரை அடித்துவிட்டு என் பெயரையும் எண்ணையும் எழுதிக் கொடுத்தேன்.