தவம் மாமாவின் கையிலிருந்த திறப்பு

சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில், தவம் மாமா என்று நாங்கள் கூப்பிடும் தவச்செல்வனைப் பிடிக்காதவர்கள்தான் அதிகம். அவர் இந்தக் கட்டடத்தின் அப்வார்ட், அதாவது பராமரிப்பாளர். படிகளைத் துடைப்பார், வாசலில் பனி அள்ளுவார், பல்ப் மாற்றுவார். நிலக்கீழ் அறையில் எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவாக இருக்கும் வாஷிங் மெஷினுக்கும் அவரே பொறுப்பு. அந்த அறையின் திறப்பு எப்போதும் அவருடைய இடுப்பில், சாவி வளையத்தில் தொங்கும். எங்களுக்கென்று குறித்த நாளில் காலையில் போய் அதை வாங்க வேண்டும். மாலையில் அவர் வந்து மெஷினின் ரப்பர் வளையத்துக்குள் விரல் விட்டுப் பார்ப்பார். ஒரு தலைமுடி இருந்தாலும் கூப்பிட்டுக் காட்டுவார். சின்னப் பிள்ளைகள் அவரை ‘ஜனாதிபதி’ என்பார்கள்.

இந்த வருடத் தொடக்கத்தில் பிரசாந்தினி அக்கா இரண்டாம் மாடிக்குக் குடிவந்தார். வைத்தியசாலையில் இரவு வேலை செய்யும் தாதி. உடுப்புத் தோய்க்க அவருக்குக் கிடைத்தது புதன் காலை. அவர் வேலை முடிந்து வந்து தூங்கும் நேரம். மாற்றித் தரச் சொல்லிக் கேட்டார். “ஒராளுக்கு மாத்தினா எல்லாருக்கும் மாத்த வேணும்” என்றார் தவம் மாமா. ஒருநாள் பிரசாந்தினி அக்காவின் குழந்தை படுக்கை முழுக்க வாந்தி எடுத்துவிட்டது. அன்றைக்கும் திறப்புக் கிடைக்கவில்லை. விரிப்புகளைப் பையில் கட்டிக்கொண்டு பாடனில் இருக்கும் தங்கை வீட்டுக்கு ரயிலில் போய்த் தோய்த்து வந்தார். அதற்குப் பிறகு யாரும் பொறுக்கவில்லை. தவம் மாமாவை வேலையிலிருந்து நீக்கச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுதுவதென்று முடிவானது.

எழுதும் வேலை என்னிடம் வந்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பல்கலைக்கழகம் போனவள் நான். வரலாறு படித்தேன். அந்தப் படிப்பால் இந்தக் கட்டடத்துக்கு இதுவரை கிடைத்த பயன், ஜெர்மன் மொழியில் கடிதம் எழுதித் தருவது.

அப்வார்ட்டின் வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் அவரும் மனைவி ஜெயந்தி மாமியும் வெளியேற வேண்டும். அறுபதை நெருங்கும் இருவருக்கு இன்றைய வாடகையில் வேறு வீடு எங்கே கிடைக்கும்? எனக்கு முதல் வரியே வரவில்லை.

“மாமா எப்பவும் இப்பிடித்தானோ?” என்று அம்மாவிடம் கேட்டேன்.

“அவனோ? முந்தி இந்தக் கட்டடத்தில பெரிய கலகக்காரன் அவன்தான்” என்று அம்மா சிரித்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அப்போதிருந்த அப்வார்ட் சுவிஸ் குடும்பங்களுக்கு ஆளுக்கொரு முழு நாள் கொடுத்தார். வெளிநாட்டவர் எல்லோருக்கும் சேர்த்து வெள்ளிக்கிழமைப் பின்னேரம் மட்டும். அம்மா அப்போது கைக்குழந்தையாக இருந்த என் அண்ணாவின் துணிகளைக் குளியல் தொட்டியில் தோய்த்து அறைக்குள்ளே காயப்போட்டார். சுவரில் பூஞ்சணம் பிடித்தது. பூஞ்சணத்தைக் கொண்டுவந்ததே தமிழர்தான் என்று அந்த அப்வார்ட் நிர்வாகத்திடம் முறையிட்டார்.

தவம் மாமாவுக்கு அப்போது இருபத்தைந்துகூட ஆகவில்லை. ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அரைகுறை ஜெர்மனோடு கதவு கதவாகப் போனார். போர்த்துக்கேயர், கொசோவோக்காரர், மூன்றாம் மாடியில் தனியாக இருந்த ஒரு சுவிஸ் கிழவி, எல்லோரிடமும் கதைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை எல்லோரும் நனைந்த உடுப்பைப் பிழியாமல் கொண்டுவந்து படிக்கட்டின் கைப்பிடியில் தொங்கவிட்டார்கள். மேல்மாடியிலிருந்து வாசல்வரை சேலையும் சாரமும் கட்டில் விரிப்பும். நிர்வாகத்திலிருந்து வந்தவர் படியேறி முடிப்பதற்குள் கோட்டெல்லாம் ஈரமாகிவிட்டது. அந்த மாதமே எல்லோருக்கும் ஒரேமாதிரி நாள் பிரித்தார்கள். பழைய அப்வார்ட் ஓய்வுபெற்றபோது, தவத்துக்கே வேலையைக் கொடுங்கள் என்று கேட்டதும் இதே ஆட்கள்தான்.

அதுவரைக்கும் எனக்குக் கதை விளங்கியது. பல்கலைக்கழகத்திலும் அப்படித்தான்; புரட்சிக்காரர்களின் இளமைக்காலத்தை ஆசையாகப் படிப்பேன், பதவிக்கு வந்த பிறகான பக்கங்களில்தான் தடுமாறுவேன். அவர்கள் மாறிய இடம் எதுவென்று ஒருநாளும் எனக்குத் தெரிந்ததில்லை. தவம் மாமாவையே கேட்டேன். அவர் படி துடைத்துக்கொண்டிருந்தார்.

“நான் திறப்பைப் பறிக்கேல்லைப் பிள்ளை. ஒராள் ஈர உடுப்பை மெஷினுக்குள்ள விட்டிட்டுப் போவார். மற்றவர் வந்து சண்டை. சோத்தில கை வைக்கேக்க கதவைத் தட்டுவினம், ‘தவம், நீயே ஒரு முடிவு சொல்லு’ எண்டு. ஒரு கிழமைக்கு என்னட்ட இருக்கட்டும் எண்டு எடுத்தனான். கட்டடமே அமைதியாப் போச்சு.”

“பிரசாந்தினி அக்கான்ர பிள்ளை?”

அவர் துடைக்கும் துணியைப் பிழிந்துவிட்டு அடுத்த படிக்கு இறங்கினார்.

மேலே வந்து அம்மாவிடம் சொன்னேன். “முகத்தைப் பாத்துச் சொல்லாமல் கடிதம் போடக் கூடாது” என்று அம்மா எழுந்தார். பிரசாந்தினி அக்காவையும் கூட்டிக்கொண்டு இறங்கினோம்.

“தவம், திறப்பைத் தா. இல்லாட்டி இவள் கடிதத்தை அனுப்பப்போறாள்.”

“என்ர நாளைப் பிரசாந்தினி எடுக்கட்டும், அக்கா. இண்டைக்கே எழுதி ஒட்டுறன்.”

“எனக்கு உங்கட நாள் வேண்டாம், அண்ணை” என்றார் பிரசாந்தினி அக்கா. “அறை திறந்திருந்தாப் போதும்.”

“நாங்கள் உனக்கு ஒரு கிழமைக்குத்தானே தந்தனாங்கள்” என்றார் அம்மா.

“ஒருத்தரும் திருப்பிக் கேக்கேல்லையே.”

“ஓம், கேக்கேல்லை. எங்களுக்கும் சுகமா இருந்தது. இப்ப கேக்கிறன்.”

தவம் மாமா இடுப்பு வளையத்திலிருந்து அந்த ஒன்றை மட்டும் கழற்றினார். இறுகிப் போயிருந்தது, நகத்தால் நெம்பவேண்டியிருந்தது. “சண்டை வரும்” என்று சொல்லி அம்மாவிடம் நீட்டினார்.

வந்தது. அன்றிலிருந்து அறை பூட்டப்படவில்லை, நானும் கடிதம் எழுதவில்லை; அடுத்த சனிக்கிழமை, நேரம் முடிந்தும் மெஷினுக்குள் கிடந்த நான்காம் மாடிக் குகதாசன் அண்ணையின் ஈர உடுப்பைப் பக்கத்து வீட்டு மரியா எடுத்துக் கூடையில் போட்டுவிட்டார். நிலக்கீழ் அறையில் இருவரும் கத்த, எல்லோரும் கூடிவிட்டோம். தவம் மாமாவை நீக்க வேண்டும் என்று முதலில் சொன்னவர் குகதாசன் அண்ணை. அவரே என்னிடம் திரும்பி, “ஓடிப்போய்த் தவத்தைக் கூட்டிக்கொண்டு வா பிள்ளை” என்றார்.

“ஒருத்தரும் போகக் கூடாது. நாங்களே கதைப்பம்” என்றார் அம்மா.

மேலே தவம் மாமாவின் கதவு திறந்தது. எல்லோரும் படியைப் பார்த்தோம். கட்டிய பழைய பேப்பர்களோடு இறங்கி வந்தவர், எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வெளியே போனார். கூரையோரச் சின்ன ஜன்னலில் அவருடைய சப்பாத்துகள் தெரிந்தன. கொஞ்சநேரம் அங்கேயே நின்றன. பிறகு நடந்து போயின.

“முப்பது நிமிசம் பிந்தினால் எடுக்கலாமோ, கூடாதோ?” என்று அம்மா தொடங்கினார். மரியா எடுக்கலாம் என்றார். குகதாசன் அண்ணை கூடையை உதைத்தார். அப்படியிருந்தும் ஒருவரும் படியேறிப் போகவில்லை.