வால் முன்னால் வந்த ராக்கெட்

பிரேமலா செனாய் நகரில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறார். அவருடைய கணவர் ஜீவன் வயரிங் வேலை பார்த்தவர். ஓய்வு நாள்களில் அட்டைக் குழாயையும் மெல்லிய பலகையையும் கொண்டு சிறு ராக்கெட்டுகள் செய்து நண்பர்களோடு பறக்கவிடுவார். பிரேமலா ஒருநாளும் கூடப் போனதில்லை. துணி காயப்போடும்போது, கீழே கார் நிறுத்துமிடத்தில் அவர் இஞ்சினைப் பொருத்தி, நேராகப் பறக்குமா என்று பார்க்க ராக்கெட்டைக் கயிற்றில் கட்டித் தலைக்கு மேல் சுற்றுவதை மட்டும் மாடியிலிருந்து பார்த்திருக்கிறார்.

சென்ற ஆண்டு வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த ஜீவன் எழவில்லை. வீட்டு மேசையில் ஒரு புதிய ராக்கெட் சாயம் காய்ந்து நின்றது.

முதல் திதி முடிந்ததும் அதைப் பறக்கவிடலாம் என்றார் ஜீவனின் நண்பர் மனோகரன். செனாயில் விமானங்கள் ஏறி இறங்குவதால் சிகாமட் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய திடலுக்குப் போனார்கள். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் மலரும் வந்திருந்தாள். நண்பர்கள் குடும்பத்தோடு பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

மனோகரன் ராக்கெட் வாலில் இஞ்சினைப் பொருத்தினார். ஜீவன் இந்த ராக்கெட்டுக்கென்றே வாங்கிவைத்திருந்த பெரிய இஞ்சின் அது.

"மனோ, சுத்திப் பார்த்தாச்சா?" என்று கேட்டார் பிரேமலா.

"ஜீவன் பார்த்திருப்பாரு, அண்ணி."

"இல்ல. அவரு இஞ்சினப் போட்டுட்டுத்தான் சுத்துவாரு. இதுக்கு இஞ்சின் டப்பாவையே இன்னிக்குத்தான பிரிச்சீங்க?"

மனோகரன் ராக்கெட் சாயாமல் கிடையாகத் தொங்கும் இடம் பார்த்து அதில் கயிறு கட்டிச் சுற்றினார். சரியான ராக்கெட் என்றால் மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டு காற்றைக் கிழிக்கும். இது புரண்டது. பிறகு வாலை முன்னால் விட்டுக்கொண்டு வந்தது. இன்னொரு முறை சுற்றியும் அப்படியே. இஞ்சின் கனத்தில் பின்பக்கம் இழுத்தது.

"அலமாக், போச்சு" என்று முணுமுணுத்தார் மனோகரன். "மூக்குக்குள்ள கனம் வைக்கணும், அண்ணி. அதுக்கு மூக்கோட அடியை அறுக்கணும்."

"வேணாம்மா" என்றாள் மலர். "அப்பா கடைசியா செஞ்சது. யாரும் கை வைக்க வேணாம். ஒரே ஒரு தடவ அப்படியே விடலாம்லா."

பிரேமலா பாய்களில் இருந்தவர்களைப் பார்த்தார். ஒருத்தி மடியில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"இது திரும்பி இவங்க மேல வந்தா? உங்கப்பா இருந்திருந்தா விட்டிருப்பாரா, சொல்லு."

மலர் அழுதாள். பிரேமலாவே ஒவ்வொரு பாயாகப் போய் மன்னிப்புக் கேட்டு எல்லாரையும் அனுப்பிவைத்தார்.

வீட்டில் அந்த ராக்கெட்டைத் தொட அவருக்குப் பல நாள் மனம் வரவில்லை. தொழிற்சாலையில் கோணலான மூடிகளைத் தயங்காமல் ஒதுக்கித் தள்ளும் கைதான். ஆனால் கணவர் தேய்த்து வழவழப்பாக்கிய மூக்கின் அடியில் வைத்த கத்தியை அது திரும்ப எடுத்துவிட்டது. சாவு வீட்டில்கூட வராத அழுகை அன்று வந்தது. அழுது முடித்து அறுத்தார். உள்ளே களிமண்ணை அழுத்தி, பசை ஊற்றி மூடினார்.

மலர் விடுப்பில் வந்த காலையில் இருவரும் கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கினார்கள். பிரேமலா கயிற்றைச் சுற்றினார். ராக்கெட் ஒருமுறை தள்ளாடியது. பிறகு மூக்கை முன்னால் வைத்து வட்டமிட்டது.

"நேரா நிக்குதும்மா" என்றாள் மலர், மெதுவாக.

அடுத்த முறை திடலுக்கு அவர்கள் இருவரும் மனோகரனும் மட்டும் போனார்கள். ஏவும் பொத்தானை மலர் அழுத்தினாள். ராக்கெட் நேராக ஏறியது. உச்சியில் அதன் பாராசூட் குடை விரிந்தது. யாரும் கைதட்டவில்லை. அது இறங்கும்வரை மூவரும் அண்ணாந்தபடியே நின்றார்கள்.

செம்பனை ஓலைகளுக்கிடையே அதைக் கண்டெடுத்தபோது இறக்கை ஒன்று உடைந்திருந்தது.

"குடுங்க அண்ணி, நான் ஒட்டித் தர்றேன்."

"வேணாம், மனோ. எந்தப் பசைன்னு மட்டும் சொல்லுங்க" என்றார் பிரேமலா.